ருவாண்டா: அவசரப்படாமல் பார்க்க வேண்டிய சின்ன நாடு

வரைபடத்தில் ருவாண்டாவைத் தேடிக் கண்டுபிடித்ததும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இத்தனூண்டு நாடு, மூன்று நாளில் முடித்துவிடலாம். மொத்தப் பரப்பே 26,338 சதுர கிலோமீட்டர். ஆனால் கிழக்கு ஓரத்தை விட்டால் இங்கே சமதளம் அரிது. எந்தச் சாலையும் ஒரு குன்றில் ஏறி இறங்கி, அடுத்த குன்றைச் சுற்றித்தான் போகும். தலைநகர் கிகாலியிலிருந்து தென்மேற்கு மூலையில் இருக்கும் ருசிசி 250 கிலோமீட்டருக்கு முன்பின் இருக்கும். சாலை குழியில்லாத நல்ல சாலை. அப்படியும் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். கிலோமீட்டரை நம்பித் திட்டம் போட்டவர்கள் முதல் நாளே களைத்துப்போவார்கள்.

அதனால் பயண நிறுவனங்கள் விற்கும் ‘இரண்டு இரவு, ஒரு கொரில்லா’ திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவ்வளவு செலவழித்துப் போய், நாட்டைப் பார்க்காமல் ஒரு விலங்கை மட்டும் பார்த்துத் திரும்புவது வீண். குறைந்தது எட்டு நாள் ஒதுக்குங்கள். கிகாலியில் இரண்டு நாள், வடக்கே முசான்சேயில் இரண்டு, மேற்கே கிவு ஏரிக் கரையில் இரண்டு, தெற்கே நியுங்வே காட்டில் ஒன்றரை, திரும்பும் வழியில் ஹூயேயும் நியான்சாவும். நாட்டை இடஞ்சுழியாகச் சுற்றும் இந்த வழியில் போனால் வந்த சாலையிலேயே திரும்ப வேண்டியிருக்காது. இன்னும் இரண்டு நாள் இருந்தால் கிழக்கே அககேரா தேசியப் பூங்கா.

எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை குறைவு. காட்டுக்குள் நடக்க அதுதான் வசதி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும் பரவாயில்லை. மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழைக் காலம். மலைப்பாதைகள் சேறாகும், சில இடங்களில் மண் சரியும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தாலும் இங்கே வெக்கை கிடையாது. கிகாலியே 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பகலில் 27 பாகை, இரவில் 16 பாகை என்பது சாதாரணம். முசான்சேயில் இரவு நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியளவில் விடிந்து மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடுகிறது. ஊர் விட்டு ஊர் போவதைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு முதல் பதினொரு மணி வரை ‘உமுகாண்டா’. ஊர் மக்கள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டுவார்கள், மரம் நடுவார்கள், சாலை சீர்செய்வார்கள். அந்த நேரத்தில் கடை திறக்காது, பேருந்து ஓடாது. அன்று காலை ஊர் மாறும் திட்டம் வேண்டாம். தங்கும் விடுதியில் சொன்னால் அருகில் நடக்கும் வேலையில் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாவிட்டாலும் போங்கள், அங்கே கிடைக்கும் பேச்சும் சிரிப்பும் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் கிடைக்காது.

இன்னொன்று ஏப்ரல் 7. 1994இல் அன்று தொடங்கிய இனப்படுகொலையின் நினைவு வாரம் அன்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த வாரம் பாட்டு, கொண்டாட்டம், விளையாட்டு எல்லாம் நின்றுவிடும். போகக்கூடாது என்றில்லை, ஆனால் விடுமுறைக் குதூகலத்தோடு போய் இறங்க வேண்டிய வாரம் அல்ல அது.

புறப்படும் முன்

ருவாண்டா 2018 முதல் எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கிய இடத்திலேயே விசா தருகிறது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களுக்கு 30 நாள் விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே காமன்வெல்த்தில் இருப்பதால் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ருவாண்டா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கென்யா, உகாண்டாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் 100 டாலருக்குக் கிடைக்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவை எடுக்கலாம். 90 நாளுக்கு மூன்று நாட்டுக்கும் அது ஒன்றே போதும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனக்குறைவாக விட்டுவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. ருவாண்டாவில் அந்த நோயின் அபாயம் குறைவுதான். ஆனால் ஊர் திரும்பும்போது கேட்கப்போவது இந்திய அதிகாரிகள். எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா போன்ற நாடுகள் வழியாக வருகிறவரிடம் மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது. அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியா நாடெங்கும் உண்டு. தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கொசு விரட்டிக் களிம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது நம் வழக்கப்படி செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையிலும் அழுக்குத் துணியை இன்னொன்றிலும் சுற்றி வைக்காதீர்கள். 2008 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கு நாட்டில் தடை. விமான நிலையத்திலேயே பிரித்து எடுத்துக்கொள்வார்கள். துணிப்பைகள் போதும். கிகாலியின் தெருவோரங்கள் அத்தனை துப்புரவாக இருப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்பதை இறங்கிய அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவீர்கள்.

பணம், போன், போக்குவரத்து

ருவாண்டா ஃபிராங்கில் பெரிய நோட்டே 5,000தான். நூறு டாலர் மாற்றினாலே பை கனக்கும். டாலர் கொண்டுபோனால் புதிய, மடிப்பும் கிழிசலும் இல்லாத நோட்டாக இருக்கட்டும். பழைய அச்சு நோட்டை வாங்க மறுப்பார்கள், வாங்கினாலும் விலை குறைப்பார்கள். பெரிய விடுதிகளில் கார்டு செல்லும். மற்ற எல்லா இடத்திலும் ‘மோமோ’ என்கிற செல்பேசிப் பணம்தான் ஓடுகிறது. வந்திறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி எம்டிஎன் சிம் ஒன்று வாங்கி, மோமோ கணக்கும் தொடங்கிவிட்டால் காய்கறிக்காரரிலிருந்து மோட்டோ ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அதிலேயே கொடுக்கலாம். நம் ஊர்ப் பிளக் அங்குள்ள சுவரில் சேராது; அடாப்டர் தேவை.

மோட்டோ என்பது வாடகை மோட்டார் சைக்கிள். கிகாலியில் குறுக்கும் நெடுக்கும் போக இதைவிட விரைவானது இல்லை. ஒரு வண்டிக்கு ஒரே பயணி. உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் தருவார்கள், போட்டே ஆக வேண்டும். ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். இடம் சொல்லும்போது தெருப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பக்கத்திலுள்ள சந்தை, மருத்துவமனை, ரவுண்டானா இப்படி ஏதாவது அடையாளம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். வெளியூர்ப் பேருந்துகள் நியாபுகோகோ நிலையத்திலிருந்து கிளம்பும். நிலையம் இரைச்சலும் நெரிசலுமாக இருக்கும், ஆனால் வண்டிகள் சீட்டில் போட்ட நேரத்துக்குக் கிளம்பிவிடும். முசான்சேக்கு இரண்டு மணி நேரம், ஹூயேக்கு இரண்டரை. காரை எடுத்து நீங்களே ஓட்டுவதானால் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும் என்பதையும், வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் ஏராளம் என்பதையும் மனத்தில் வையுங்கள். மலை வளைவில் எதிரே லாரி வரும்போது பழகிய கை தவறான பக்கம் இழுக்கும். என் யோசனை, ஓட்டுநரோடு சேர்த்து வண்டி எடுப்பதுதான்.

சாப்பாடு

பகல் சாப்பாட்டுக்கு ‘மெலாஞ்’ என்று எழுதிய கடையைத் தேடுங்கள். வரிசையாகப் பாத்திரங்கள் இருக்கும்: சோறு, வேகவைத்த வாழைக்காய், உருளைக்கிழங்கு, மரவள்ளி மாவுக் களி, சிவப்பு அவரைவிதைக் குழம்பு, கீரை, மரவள்ளி இலையை இடித்துச் சமைத்த இசோம்பே, ஓரமாக ஒரு சட்டியில் கறி. தட்டை ஒருமுறைதான் நிரப்பலாம், கறி ஒரு துண்டுதான். உள்ளூர்க்காரர்கள் முதலில் வாழைக்காயைச் சுற்றிலும் அணை கட்டினாற்போல அடுக்கி, நடுவே சோற்றைக் குவித்து, அதன்மேல் குழம்பை ஊற்றிச் சிந்தாமல் மேசைக்குக் கொண்டுபோவதைப் பாருங்கள். இரண்டாம் முறை போய் நின்றால் கூடுதல் காசு கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த நாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘டோடோ’ என்று பரிமாறுவது நம் தண்டுக்கீரை இனம்தான். அவரைவிதை இல்லாத சாப்பாடே கிடையாது. இசோம்பேயில் மட்டும் சில வீடுகளில் மீனோ இறைச்சியோ சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ‘சிந்த்யா இன்யாமா’ என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பொருள். உணவில் காரம் இருக்காது. அதற்குத்தான் மேசைமேல் ‘அகபாங்கா’ இருக்கிறது. கண் மருந்துக் குப்பி போன்ற சின்னக் குப்பியில் மிளகாய் எண்ணெய். காரம் தின்று வளர்ந்த நாக்குக்கும் இரண்டு சொட்டுக்கு மேல் தேவைப்படாது. அசைவக்காரர்கள் மாலையில் கரியடுப்பில் சுட்ட ஆட்டுக்கறிக் கம்பிகளையும், கிவு ஏரியின் சம்பாசா என்கிற பொடிமீன் பொரியலையும் தவறவிடக்கூடாது.

பால்கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாடு இந்த நாட்டில் செல்வத்தின், மரியாதையின் அடையாளம். ஊருக்கு ஊர் பால் மட்டுமே விற்கும் கடைகள் உண்டு. காய்ச்சிய சூடான பால், அல்லது ‘இகிவுகூட்டோ’ என்கிற புளித்த குளிர்ந்த பால். தொட்டுக்கொள்ளச் சப்பாத்தியோ, மந்தாசி என்கிற எண்ணெயில் பொரித்த பன்னோ. தயிர் இல்லாமல் நாள் போகாதவர்களுக்கு இதுவே சரணாலயம். டீ வேண்டுமென்றால் ‘ஆஃப்ரிக்கன் டீ’ கேளுங்கள், இஞ்சி போட்ட பால் டீ வரும். ஆர்டர் கொடுத்துச் சாப்பிடும் உணவகங்களில் ஒரு மணி நேரம் காக்க வைப்பது சகஜம், பசி வரும் முன்பே போய் உட்காருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

பழகும் முறை

இங்கே குரலை உயர்த்திப் பேசுகிறவரை மதிக்கமாட்டார்கள். சீட்டு கிடைக்கவில்லை, அறை சரியில்லை, எதுவானாலும் மெதுவாகச் சொன்னால்தான் காரியம் நடக்கும். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காமல் ‘முராஹோ’ சொல்லி, ‘அமகூரு’ என்று நலம் விசாரித்து, பிறகு பேச்சுக்குப் போங்கள். நன்றி சொல்ல ‘முரகோசெ’. பெரியவர்களுக்குக் கை கொடுக்கும்போது இடக்கையால் வலக்கை முழங்கைப் பக்கத்தைத் தொட்டுக்கொள்வது மரியாதை. நடந்துகொண்டே தின்பதைப் பெரியவர்கள் முகம் சுளித்துப் பார்ப்பார்கள். கிராமத்துப் பிள்ளைகள் ‘முஹிந்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவரலாம்; இந்தியர் என்று அர்த்தம், கேலி இல்லை. ராணுவம், போலீஸ், அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்கக்கூடாது. அனுமதியில்லாமல் டிரோனும் கூடாது.

யாரிடமும் நீங்கள் ஹூட்டுவா, டுட்சியா என்று கேட்காதீர்கள். பெல்ஜிய ஆட்சியில் அடையாள அட்டையில் அச்சிடப்பட்ட அந்தப் பிரிவுதான் 1994இல் சாலைத் தடுப்புகளில் யார் சாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. இன்றைய அட்டைகளில் அது இல்லை. அதைக் கிளறுவது சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். அதைவிடப் பெரிது, எதிரே இருப்பவர் எதை இழந்தவர் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவிடங்கள்

கிகாலியின் கிசோசி குன்றிலுள்ள நினைவிடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 2004இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் 2,50,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சுமார் நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் எட்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த எண்கள் எதையும் உணர்த்தாத அளவுக்குப் பெரியவை. மேல்மாடியில் குழந்தைகளுக்கான அறைக்குப் போனால்தான் அவை உறைக்கும். ஒவ்வொரு பிள்ளையின் பெரிய புகைப்படம். கீழே ஒரு பலகையில் பெயர், வயது, பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, யாரோடு ஒட்டுதல். கடைசி வரியில் எப்படிக் கொல்லப்பட்டது என்று எழுதியிருக்கும். அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று மாலைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிகாலிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் நியாமாடா. தேவாலயத்துக்குள் ஒளிந்தால் உயிர் பிழைக்கலாம் என்று நம்பி ஓடிவந்தவர்களைக் கையெறி குண்டு வீசிக் கதவை உடைத்துக் கொன்ற இடம். தகரக் கூரையில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளிச்சம் விழுகிறது. பெஞ்சுகள்மேல் இறந்தவர்களின் துணிகள் குவிந்துகிடக்கின்றன, மண் நிறமாகிப்போன சட்டைகளும் குழந்தைக் கவுன்களும். நியாமாடா, முராம்பி, பிசெசெரோ, கிசோசி ஆகிய நான்கையும் 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. முராம்பியில் சுண்ணாம்பிட்டுப் பாதுகாத்த உடல்களையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பெரியவர்களும் தங்கள் மனத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம். எங்கேயும் உள்ளே படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும், செல்ஃபி கூடவே கூடாது. கிசோசியில் நுழைவுக் கட்டணம் இல்லை; பராமரிப்புக்கு முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதைப் பார்க்காமல் மலையும் ஏரியும் மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. உமுகாண்டாவில் பக்கத்தில் நின்று மண் வெட்டுகிறவர்களுக்கு இடையே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இந்த நாட்டின் ஒழுங்கும் அடக்கமும் என்ன விலைக்கு வந்தவை என்று புரியும்.

மலைக் கொரில்லாக்கள்

அனுமதிச் சீட்டு 1,500 டாலர். 2017இல் 750இலிருந்து ஒரே தாவாகத் தாவிய விலை. உகாண்டாவில் 800தான். காசு முக்கியமென்றால் அங்கே போகலாம், தவறில்லை. ருவாண்டாவில் கொடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு: தேசியப் பூங்காக்களின் வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பள்ளியாகவும் சாலையாகவும் போகிறது. இப்போது உலகில் ஆயிரத்துக்குச் சற்று மேல் இருக்கும் மலைக் கொரில்லாக்கள் பிழைத்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். சீட்டைப் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். விலையில் வண்டி சேராது. கூடும் இடத்திலிருந்து மலையடிவாரம் வரை போக உங்களுக்கென்று ஜீப் வேண்டும். முந்தைய நாளே பேசி வையுங்கள், அல்லது இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு முசான்சே அருகே கினிகியில் இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர்தான். அதிக ஏற்றம் முடியாதென்றால் அங்கேயே சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் குடும்பத்துக்கு அனுப்புவார்கள்; கூச்சப்பட்டுச் சும்மா இருந்தால் நான்கு மணி நேரம் ஏற நேரிடும். முதலில் பைரீத்திரப் பூ வயல்கள், பிறகு காட்டெருமை வெளியே வராமலிருக்கக் கட்டிய கல்சுவர். சுவரைத் தாண்டியதும் மூங்கில், அதன் பிறகு இடுப்பளவு செந்தட்டிச் செடி. கெட்டியான முழுக்கால் சட்டை, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுதல், தோட்ட வேலைக்கான தடித்த கையுறை, மழைச் சட்டை இவை இல்லாமல் போகாதீர்கள். சுமைதூக்குகிறவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பை கனக்கவில்லை என்றாலும் சரி. சேற்றில் கை கொடுத்து ஏற்றிவிடுவார். முன்பு கண்ணி வைத்து வேட்டையாடிய குடும்பங்களுக்கு இன்று இதுவும் ஒரு பிழைப்பு.

கொரில்லாக்கள் முந்தைய இரவு தூங்கிய இடத்திலிருந்து தடம் பிடித்து, விடியற்காலையிலேயே ஆட்கள் போயிருப்பார்கள். அவர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல வழிகாட்டி உங்களை நடத்திப்போவார். அருகில் நெருங்கியதும் கம்பும் பையும் அங்கேயே வைக்கப்படும். பார்க்க ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது. முதல் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு கேமராவைக் கீழே வையுங்கள். வெள்ளிமுதுகு ஆண் உட்கார்ந்து காட்டுச் செலரித் தண்டை உரித்துத் தின்னும் விதம், தாயின் முதுகிலிருந்து குட்டி நழுவி விழுந்து மறுபடி ஏறுவது, அவை தொண்டைக்குள் எழுப்பும் செருமல் எல்லாம் வெறும் கண்ணுக்கும் காதுக்கும்தான் முழுதாகக் கிடைக்கும். சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். நமக்கு மூன்று நாள் தும்மலாகப் போவது அவற்றுக்கு நிமோனியாவாகி ஒரு குடும்பத்தையே அழிக்கக்கூடும். பதினைந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லாததற்கும் இது ஒரு காரணம்.

1,500 டாலர் கைக்கு எட்டாதவர்கள் முசான்சேயை விட்டுவிட வேண்டாம். பொற்குரங்குகளைப் பார்க்க 100 டாலர்தான். கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி 1967இல் நிறுவிய கரிசோகே ஆய்வு நிலையம் இருந்த இடத்துக்கு நடந்து போகலாம். 1985 டிசம்பரில் கொல்லப்பட்ட அவருடைய கல்லறை, அவர் மிகவும் நேசித்த டிஜிட் என்ற கொரில்லாவின் குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏரியும் காடும் புல்வெளியும்

கிவு ஏரிக் கரையில் ருபாவுவைவிட எனக்குப் பிடித்தது கரோங்கி. மாலை ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள். மூன்று படகுகளை நீண்ட கழிகளால் பிணைத்து, சம்பாசா பிடிக்கப் போகிறவர்கள் துடுப்பின் தாளத்துக்குப் பாடிக்கொண்டே கிளம்புவார்கள். ருபாவுவின் மறுபுறம் காங்கோவின் கோமா நகரம். 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிப் படை அதைக் கைப்பற்றியது. எல்லை தாண்ட வேண்டாம், ருபாவு போகும் முன்பும் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நியுங்வே பழமையான மலைக்காடு. அதன் முகடுதான் காங்கோ ஆற்றுக்கும் நைலுக்கும் நீர் பிரியும் வரம்பு. உவின்காவிலிருந்து 160 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் மரவுச்சிகளுக்கு மேலே நடக்கலாம். சிம்பன்சி தேட விடியும் முன் எழ வேண்டும், அவை கொரில்லாவைப் போல உட்கார்ந்திருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நியான்சாவில் பழைய அரண்மனையும், வில்லாக வளைந்த பெரிய கொம்புள்ள இன்யாம்போ மாடுகளும் உண்டு. பராமரிப்பவர் மாட்டுக்குப் பாடுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அககேராவில் 2015இல் சிங்கங்களையும் 2017இல் காண்டாமிருகங்களையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இரண்டும் பெருகிவருகின்றன. அங்கே கருப்பு, கருநீல உடை வேண்டாம், செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

திரும்பும்போது

வாங்கிவரத் தக்கவை இரண்டு. மலைச்சரிவில் விளைந்த காபிக் கொட்டை. பெண்கள் கையால் பின்னும் மூடியுள்ள அகசெகே கூடை. கூடையைப் பின்னுகிறவர்களின் கூட்டுறவுக் கடையிலேயே வாங்கினால் பணம் நேராக அவர்களுக்குப் போகும். அவசர எண்கள்: போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 912. கிகாலி விமான நிலையத்தில் வாயிலுக்கு முன்பே வண்டியை நிறுத்தி ஆளையும் பெட்டியையும் சோதிப்பார்கள். மூன்று மணி நேரம் முன்பாகப் போய்விடுங்கள், மஞ்சள் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.